கடலைக் கண்ணாடித் தொட்டிக்குக் கொண்டு வந்தவர்

கண்ணாடித் தொட்டி நிறையக் கடல் நீர். அடியில் மணல். நடுவே ஒரு பாறைத் துண்டு. பாறையின் மேல் பச்சைப் பாசி. அதன் ஓரத்தில், பூ விரிந்தது போல, மெல்லிய விரல்களை நீட்டிக்கொண்டு ஒரு பவழம்.

இப்படிப்பட்ட தொட்டிகளை இன்று உலகின் பெரிய நகரங்களில் எல்லாம் பார்க்கலாம். ஆனால் 1850-க்கு முன்பு இது நடக்காத காரியம் என்றே பலரும் நினைத்தார்கள். கடல் பிராணியை வீட்டுக்குக் கொண்டு வந்தால் இரண்டொரு நாளில் செத்துப் போகும். தண்ணீர் கெட்டு நாறும். எடுத்துக் கொட்டி விடுவார்கள்.

அந்த நிலையை மாற்றிய சிலரில் முக்கியமானவர் பிலிப் ஹென்றி காஸ். இங்கிலாந்து தேசத்தவர். தொட்டியில் முதலில் எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது, எத்தனை நாள் பொறுத்திருப்பது என்று சாதாரண மக்களுக்கும் புரியும்படி எழுதியவர் அவர்.

அந்த எழுத்தால் அவருக்குப் புகழ் வந்தது. பணமும் வந்தது. ஆனால் அதே எழுத்தால் அவர் உயிராக நேசித்த கடற்கரை பாழானது. அதைத் தம் கண்ணாலேயே பார்த்து அவர் மனம் நொந்தார்.

ஊர் சுற்றிய ஓவியர்

காஸ் பிறந்தது 1810-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி. ஊர், உர்செஸ்டர். தந்தை தாமஸ், ஓவியர். உள்ளங்கையில் அடங்கும் சின்னச் சின்ன உருவப் படங்களை வரைந்து விற்பவர். இதற்காக ஊர் ஊராகச் சுற்றுவார். வருமானம் நிலையாக இராது.

தாய் ஹன்னா, கல்யாணத்துக்கு முன்பு ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். கெட்டிக்காரி. குடும்பப் பாரம் முழுவதும் அவர் தலையில்தான் விழுந்தது. குழந்தைகளோடு பூல் என்னும் துறைமுக ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

தந்தையிடம் சொத்து இல்லை. ஆனால் மகனுக்கு ஒரு வித்தையைக் கொடுத்தார். மிகச் சிறிய பொருளையும் உற்றுப் பார்த்து, அதன் நிறம் மாறாமல், அளவு மாறாமல் வரையும் வித்தை. அதுதான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

அத்தை தந்த யோசனை

பூல் நகரில் பிலிப்பின் அத்தை இருந்தார். பெயர் சூசன் பெல். பூச்சி, செடி, சிப்பி இவற்றில் ஆசை உள்ளவர். புழு எப்படி வண்ணத்துப் பூச்சி ஆகிறது என்பதைப் பிலிப்புக்குக் காட்டியவர் அவர்தான்.

சிறுவன் பிலிப் கரையோரத்துக் குட்டைகளில் கடல் தாமரைகளைப் பார்ப்பான். தாமரை என்று பெயரே தவிர, அது செடி அல்ல, பிராணி. இதழ் போல இருப்பவை அதன் விரல்கள். பக்கத்தில் வரும் சிறு மீனையும் இறாலையும் அந்த விரல்களால் பிடித்துத் தின்னும்.

அதை ஒரு பாத்திரத்தில் கடல் நீர் விட்டு வைத்துக் கொள்ளலாமே என்று அத்தை யோசனை சொன்னார். பிலிப் அப்படியே செய்தான். அடிக்கடி புதுக் கடல் நீர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கடல் பக்கத்திலேயே இருந்ததால் அது முடிந்தது. கடலிலிருந்து வெகு தூரத்தில், தண்ணீர் மாற்றாமலே வளர்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காண அவருக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

கடல் கடந்த வாழ்க்கை

பதினைந்து வயதில் பிலிப் ஒரு வியாபாரியிடம் கணக்கெழுதப் போனார். பதினேழாம் வயதில், 1827-ல், கப்பலேறி நியூபவுண்ட்லாந்து போனார். அங்கே கார்போனியர் என்னும் ஊரில் மீன் வியாபாரக் கிட்டங்கியில் கணக்குப்பிள்ளை வேலை. கடுங்குளிர். பொழுதுபோக்கு எதுவும் கிடையாது.

1832-ல் அந்த ஊரில் ஓர் ஏலம் நடந்தது. அதில் பழைய புத்தகம் ஒன்றை வாங்கினார். பூதக் கண்ணாடியால் சிறு பொருள்களைப் பார்ப்பது பற்றிய புத்தகம். அன்று முதல் பூச்சிகளைத் தேடத் தொடங்கினார். பகலில் கணக்கு, இரவில் பூச்சிப் படம்.

1835-ல் கனடாவுக்குப் போய் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். மூன்று ஆண்டு பாடுபட்டும் லாபம் இல்லை. வயலில் உழுத நேரத்தை விடப் பூச்சி பார்த்த நேரம் அதிகம்!

1838-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்குப் போனார். பண்ணை முதலாளிகளின் பிள்ளைகளுக்கு வாத்தியார் ஆனார். அங்கே அடிமைகள் படும் கொடுமையைக் கண்டார். மனம் பொறுக்கவில்லை. எட்டு மாதத்தில் வேலையை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பினார்.

அழுதுவிட்டார்!

1839-ல் ஊர் திரும்பியபோது அவருக்கு வயது 28. கையில் காசு இல்லை, உத்தியோகம் இல்லை. கப்பலில் வரும்போது எழுதிய ஒரு புத்தகக் கட்டு மட்டும் இருந்தது. கனடாவின் காடு, பறவை, பூச்சி பற்றி அதில் எழுதியிருந்தார்.

லண்டனில் மலிவான ஓர் அறையில் தங்கினார். அரைப்பட்டினியாக நாட்களைக் கழித்தார். வான் வூர்ஸ்ட் என்னும் பதிப்பாளரிடம் கட்டைக் கொடுத்திருந்தார். பதில் கேட்கப் போனபோது, புத்தகத்தை அச்சிடுவதாகவும் நூறு கினி தருவதாகவும் பதிப்பாளர் தெரிவித்தார்.

காஸ் பேசவில்லை. அடக்க முடியாமல் அழுதுவிட்டார். அத்தனை நாள் பட்ட கஷ்டம் கண்ணீராக வந்தது.

1844-ம் ஆண்டுக் கடைசியில் ஜமெய்க்கா தீவுக்குப் போனார். பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்து அனுப்புவது வேலை. பதினெட்டு மாதம் அங்கே இருந்தார். சாமுவேல் காம்பெல் என்னும் கறுப்பின இளைஞர் அவருக்கு வலது கையாக உதவினார். ஜமெய்க்காவின் பறவைகளைப் பற்றி 1847-ல் வெளிவந்த புத்தகம் காஸுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

1848-ல் எமிலி போவ்ஸ் என்னும் பெண்மணியை மணந்தார். அவரும் எழுத்தாளர். இருவரும் ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர்கள். 1849 செப்டம்பர் 21-ந் தேதி மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் காஸ் இரண்டு சங்கதிகளை எழுதினார். ஒன்று, மகன் பிறந்தது. மற்றொன்று, ஜமெய்க்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்தது! இரண்டும் அவருக்கு ஒரே அளவு முக்கியம் போலும்.

கடற்கரையே மருந்து

ஓயாமல் எழுதியதால் உடம்பு கெட்டது. தலைவலி, அஜீரணம், சோர்வு. கடற்காற்று நல்லது என்று 1852 ஜனவரியில் குடும்பத்தோடு டெவன் மாவட்டக் கரைக்குப் போனார். சில மாதம் செயின்ட் மேரிசர்ச் என்னும் ஊரில் இருந்தார். பிறகு இல்பிராகூம் என்னும் ஊருக்கு மாறினார்.

அமாவாசையும் பௌர்ணமியும் வந்தால் அங்கே கடல் வெகு தூரம் உள்வாங்கும். மற்ற நாளில் தெரியாத பாறைகள் வெளியே தெரியும். காஸ் கையில் சுத்தியல், உளி, கூடை, ஜாடிகள் எடுத்துக் கொண்டு புறப்படுவார். வழுக்கும் பாறையில் படுத்து, தோள் வரை கையைத் தண்ணீரில் விட்டு, பிராணி ஒட்டியிருக்கும் பாறையைச் சில்லாகப் பெயர்த்து எடுப்பார்.

இந்த வேலையில்தான் அவருக்குக் கிண்ணப் பவழம் கிடைத்தது. பவழம் என்றால் வெப்பமான கடலில் மட்டும் இருப்பது என்று பலர் நினைப்பார்கள். குளிர்ந்த இங்கிலாந்துக் கரையிலும் சில பவழங்கள் உண்டு. கிண்ணப் பவழம் தனித்தனியாக வாழும். ஓர் அங்குலத்துக்குள் அடங்கும். கடல் தாமரைக்கு உறவுதான். ஆனால் இது தனக்கென்று ஒரு கல் வீடு கட்டிக் கொள்ளும். விரல்கள் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். நுனியில் வெள்ளைக் குமிழ்.

அதே இல்பிராகூம் கரையில் இன்னொரு பவழத்தையும் காஸ் கண்டுபிடித்தார். சிவந்த உடல், பொன் நிற விரல்கள். அதற்கு முன்பு யாரும் அதைப் பற்றி எழுதியதில்லை. விஞ்ஞானத்தில் அதற்குப் பெயர் வைத்தவர் காஸ்தான்.

முன்னே நடந்தவர்கள்

காஸுக்கு முன்பும் இந்த முயற்சியில் இறங்கியவர்கள் உண்டு. ஆன்னா தின் என்னும் பெண்மணி 1846-ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து பவழங்களை ஒரு ஜாடியில் லண்டனுக்குக் கொண்டு போனார். தண்ணீரில் காற்றுக் கலப்பதற்காக அதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வைத்தார். நாள் தவறாமல் செய்ய வேண்டிய கடும் வேலை அது. பவழங்கள் பிழைத்தன.

ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன நிபுணர் 1850-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். மீன் மூச்சு விட்டுத் தண்ணீரைக் கெடுக்கிறது. நீர்ச் செடி வெளிச்சத்தில் பிராணவாயுவைக் கொடுத்து அதைச் சரி செய்கிறது. அழுகும் இலையை நத்தை தின்கிறது. மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை.

இதே வழியைக் கடல் நீரில் காஸ் செய்து பார்த்தார். மாதக்கணக்கில் தொட்டி கெடாமல் நின்றது. சிறு வயதில் எழுந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது!

முதலில் பாறை, பிறகு பிராணி

புதிதாகத் தொட்டி வைப்பவர் செய்யும் தவறு அவசரம். கண்ணில் பட்ட அழகான பிராணிகளை எல்லாம் முதல் நாளே போட்டு விடுவார்கள். மூன்றாம் நாள் எல்லாம் சாகும். காஸ் கற்றுக் கொடுத்தது இதற்கு நேர்மாறான முறை.

முதல் வேலை, பாசி ஒட்டிய பாறைத் துண்டைத் தேர்ந்தெடுப்பது. கடற்பாசிக்கு நிலத்துச் செடி போல வேர் கிடையாது. பாறையைப் பற்றிக் கொண்டிருக்கும். அதைப் பிய்த்து எடுத்தால் வாழாது. ஆகவே பாறையோடு சேர்த்தே எடுக்க வேண்டும். அந்தப் பாறையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எத்தனையோ சிறு உயிர்கள் இருக்கும். அவையும் கூடவே வந்துவிடும்.

இரண்டாவது, எந்தப் பாசி என்பது. பச்சை இலை போன்ற பாசி மிக நல்லது. வெயில் பட்டால் அதன் மேல் முத்து முத்தாகப் பிராணவாயுக் குமிழ்கள் நிற்கும். சிவப்புப் பாசி அழகு. அதற்கு நிழல் வேண்டும். பெரிய பெரிய பழுப்புப் பாசிகள் கூடாது. அவை சளி போன்ற பிசினை விட்டுத் தண்ணீரைக் கெடுக்கும்.

மூன்றாவது, பொறுமை. பாறையும் பாசியும் வைத்தபின் ஒரு வாரம், பத்து நாள் தொட்டியைத் தொடாமல் விட வேண்டும். தண்ணீர் தெளிந்து, பாசி தழைத்த பிறகே பிராணி.

நான்காவது, காவல்காரர்கள். கண்ணாடியில் படரும் பாசியை மேய்வதற்குச் சில கடல் நத்தைகள். அவை இருந்தால் துடைக்கும் வேலை பாதி குறையும்.

ஐந்தாவது, தினசரி கவனம். செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். ஒரு பிணம் போதும், தொட்டி முழுவதையும் கொல்ல. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கடல் நீர் ஊற்றக் கூடாது. ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கடும் வெயிலும் ஆகாது.

முதல் பிராணியாக எதை வைப்பது? சிவப்பு மணி போன்ற கரையோரக் கடல் தாமரை. அலை வற்றும்போது வெயிலையும் தாங்கும்; ஏறும்போது நீரையும் தாங்கும். கடின உயிர். அது நன்றாக இருந்தால் அடுத்துக் கிண்ணப் பவழம். அதை அதன் பாறைச் சில்லோடு வைக்க வேண்டும். சிறு துண்டு இறைச்சியைக் கொடுத்தால் விரல்களால் பற்றி மெதுவாக விழுங்கும். கூட்டம் சேர்க்கக் கூடாது என்பதே எல்லாவற்றிலும் பெரிய விதி.

கடல் இல்லாத ஊரில் கடல் நீர்

1853 மே மாதம் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் ஒரு புதிய கூடம் திறந்தார்கள். சுற்றிலும் கண்ணாடித் தொட்டிகள். மக்கள் பார்க்கும்படி அமைந்த முதல் மீன் காட்சி சாலை அதுதான். அதற்குக் கடல் பிராணிகளைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் காஸ் முக்கியமானவர். ரயிலில் ஜாடி ஜாடியாக அனுப்பினார்.

ஆனால் ஒவ்வொரு முறையும் கடல் நீரை ரயிலில் வரவழைக்க யாரால் முடியும்? காஸ் அதற்கும் வழி கண்டார். 3½ அவுன்சு சாப்பாட்டு உப்பு. ¼ அவுன்சு எப்சம் உப்பு. பேதிக்குக் கொடுப்பார்களே, அதுதான். 200 கிரெய்ன் மக்னீசியம் குளோரைடு. 40 கிரெய்ன் பொட்டாசியம் குளோரைடு. இவற்றை ஒரு காலனுக்குச் சற்றுக் குறைந்த தண்ணீரில் கரைக்க வேண்டும். செயற்கைக் கடல் நீர் தயார்! பச்சைப் பாசியை அதில் சில நாள் வைத்திருந்து, பிறகு பிராணியை விட்டால் உயிரோடு இருந்தது.

1854-ல் அவருடைய புத்தகம் வந்தது. புத்தகத்தின் பெயர் அக்வேரியம். அதற்கு முன்பு நீர்ச் செடி வைக்கும் தொட்டிக்கே அந்தப் பெயர் வழங்கியது. பிராணிகள் வாழும் தொட்டிக்கு ஆளுக்கொரு நீளப் பெயர் சொன்னார்கள். காஸ் இந்த எளிய பெயரைப் பரப்பினார். இன்று உலகமே அந்தப் பெயரைச் சொல்கிறது.

படங்களை அவரே வரைந்தார். தந்தை கற்றுக் கொடுத்த வித்தை கை கொடுத்தது. வண்ணப் படங்களைக் கண்டு மக்கள் மயங்கினார்கள். அந்த ஒரு புத்தகத்தில் அவருக்கு 900 பவுனுக்கு மேல் கிடைத்தது. நூறு கினிக்கு அழுத மனிதர் அவர்!

ஊரெங்கும் தொட்டி

காலமும் ஒத்துழைத்தது. 1845-ல் கண்ணாடி மீதான வரியை அரசு எடுத்திருந்தது. கண்ணாடி மலிந்தது. ரயில் பாதைகள் கடற்கரை வரை வந்துவிட்டன. நகரத்துக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கடற்கரைக்கு ஓடின.

லண்டனில் தொட்டியும் பாசியும் பிராணியும் விற்கும் கடைகள் தோன்றின. 1855-ல் இல்பிராகூம் கரையில் காஸே ஆண்களுக்கும் பெண்களுக்கும் வகுப்பு நடத்தினார். பாறைக் குட்டைகளின் நடுவே நின்று ஒவ்வொரு பிராணியாகக் காட்டிப் பாடம் சொன்னார். 1856-ல் ராயல் சொசைட்டி என்னும் பெரிய விஞ்ஞான சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. கல்லூரிப் படிக்கட்டு ஏறாதவருக்குக் கிடைத்த கௌரவம் அது.

அடுத்தடுத்து அடி

புகழின் உச்சியில் இருந்தபோதே துயரம் வந்தது. மனைவி எமிலிக்கு மார்பில் புற்றுநோய். வேதனை மிகுந்த வைத்தியம் நடந்தது. பலன் இல்லை. 1857 பிப்ரவரி 10-ந் தேதி அவர் இறந்தார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

அதே ஆண்டில் இன்னொரு தோல்வி. உலகம் பல கோடி ஆண்டுப் பழமை உடையது என்று பாறைகளும் எலும்புகளும் காட்டுவதாக விஞ்ஞானிகள் சொன்னார்கள். வேத நூலோ வேறு விதமாகச் சொல்வதாகக் காஸ் நம்பினார். இரண்டையும் சேர்க்க ஒரு புத்தகம் எழுதினார். உலகைப் படைக்கும்போதே பழையது போன்ற அடையாளங்களோடு கடவுள் படைத்தார் என்பது அவர் வாதம். விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. பக்தர்களும் ஏற்கவில்லை. புத்தகம் விற்கவில்லை.

மனம் உடைந்த காஸ் 1857 செப்டம்பரில் மகனை அழைத்துக் கொண்டு செயின்ட் மேரிசர்ச் ஊருக்கே போய்விட்டார். அங்கே கடல்தான் அவருக்கு ஆறுதல். மார்பளவு தண்ணீரில் இறங்கிப் பாறைகளைத் தடவுவார். பக்கத்தில் மகன். வீட்டுக்கு வந்ததும் பிராணிகளைத் தொட்டியில் விட்டு, பார்த்துப் பார்த்து வரைவார். இங்கிலாந்துக் கடல் தாமரைகளையும் பவழங்களையும் பற்றிய அவருடைய பெரிய நூல் இப்படித்தான் உருவானது. 1860-ல் அது முடிந்தது. அதே ஆண்டில் எலைசா பிரைட்வென் என்னும் நல்ல பெண்மணியை மறுமணம் செய்தார். வீட்டில் மீண்டும் விளக்கு எரிந்தது.

கரை காலியானது

ஆனால் கடற்கரையில் வேறொன்று நடந்து கொண்டிருந்தது.

காஸின் புத்தகத்தைப் படித்தவர்கள் சுத்தியலும் உளியுமாக வந்தார்கள். ஒருவர் இருவர் அல்ல, கூட்டம் கூட்டமாக. காஸ் ஒரு சில்லு எடுத்த இடத்தில் அவர்கள் கூடை கூடையாக எடுத்தார்கள். கடைக்காரர்களும் விற்பதற்காக வாரிக்கொண்டு போனார்கள். எடுத்தவற்றில் பெரும்பகுதி வழியிலேயே செத்தது. மிச்சம், அவசரக்காரர்களின் தொட்டிகளில் செத்தது.

சில ஆண்டுகளில் ஆசையும் அடங்கியது. நாறிய தொட்டிகளை மக்கள் தூக்கி எறிந்தார்கள். ஆனால் பாறைக் குட்டைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூந்தோட்டம் போல இருந்த இடங்கள் வெறும் கல்லாக நின்றன.

இந்த அழிவுக்குத் தம் புத்தகங்களே காரணம் என்பது காஸுக்குப் புரிந்தது. அது அவருக்குப் பெரிய வேதனை. மகன் எட்மண்ட் பின்னாளில் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆனார். தந்தையையும் தம்மையும் பற்றி 1907-ல் அவர் வெளியிட்ட நூலில் இந்தத் துயரத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

காஸ் அறியாத ரகசியம்

பாசி பிராணவாயு தருவதால்தான் தொட்டி பிழைக்கிறது என்று காஸ் எண்ணினார். அது பாதி உண்மை. மறு பாதி அந்தப் பாறைக்குள் இருந்தது.

பிராணிகளின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு கெடுதல் குறைந்த நைட்ரேட் ஆக்குகின்றன. இந்த நுண்ணுயிர்களை ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி பிரித்துக் காட்டியது 1890 வாக்கில்தான். காஸ் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். காரணம் தெரியாமலே அவர் சரியானதைச் செய்திருக்கிறார்!

1961-ல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழும் இருந்தால் வெப்பக் கடலின் பவழங்களையும் வளர்க்கலாம் என்று எழுதினார். அதன் பிறகு உயிர்ப்பாறை என்பது உலகெங்கும் பரவியது.

இன்று புதுத் தொட்டி வைப்பவர்கள் பாறை வைத்து நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கிறார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதித்த பிறகே பவழம். நல்ல பாறை கனம் குறைந்து, துளைகள் நிறைந்து இருக்கும். கெட்ட நாற்றம் அடித்தால் அது ஆகாது. முதல் பவழமாகக் காளான் பவழம், தோல் பவழம் போன்ற மென்மையான வகைகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். அவை சிறு தவறுகளைத் தாங்கும். வெப்பக் கடலின் பவழங்கள் பலவற்றின் உடலுக்குள்ளேயே நுண்பாசி உண்டு; ஆகவே நல்ல வெளிச்சம் வேண்டும். காஸின் கிண்ணப் பவழத்துக்கு அந்தப் பாசி இல்லை, இருட்டிலும் வாழும். பொத்தான் பவழம் என்னும் வகையில் சிலவற்றுக்குக் கொடிய நஞ்சு உண்டு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

கடலில் வெட்டி எடுத்த பாறைக்குப் பதில், செயற்கைப் பாறையில் நுண்ணுயிரை வளர்க்கும் முறையும், பண்ணையில் வளர்த்த பவழத் துண்டுகளை வாங்கும் முறையும் வந்துவிட்டன. கடலைக் கெடுக்காத வழி அதுதான்.

இந்தியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முன்பு பவழப் பாறையைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் வெட்டினார்கள். 1986-ல் அங்குள்ள 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் எல்லாக் கல் பவழங்களும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வந்தன. கரையில் கிடக்கும் பவழக் கல்லை அலங்காரத்துக்கு எடுத்துப் போவதும் குற்றமே.

கடைசி நாட்கள்

முதுமையிலும் காஸ் சும்மா இருக்கவில்லை. ஆர்க்கிட் பூச்செடிகள் வளர்த்தார். பூதக் கண்ணாடியில் மட்டுமே தெரியும் நுண்ணிய நீர்ப்பிராணிகளைப் பற்றி, ஹட்சன் என்பவரோடு சேர்ந்து ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அது வந்தபோது அவருக்கு வயது 76.

கடைசியில் நட்சத்திரங்கள் மீது ஆசை திரும்பியது. குளிர்கால இரவுகளில் தொலைநோக்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பார். குளிர் தாக்கி மார்புச் சளி பிடித்தது. பிறகு உடல் தேறவே இல்லை. 1888 ஆகஸ்டு 23-ந் தேதி செயின்ட் மேரிசர்ச் வீட்டில் அவர் உயிர் பிரிந்தது.

பூல் நகரத்துக் குட்டையில் ஒரு கடல் தாமரையைக் கண்டு மகிழ்ந்த சிறுவன், கடலுக்குள் இருக்கும் அழகை ஊருக்கெல்லாம் காட்ட ஆசைப்பட்டான். காட்டியும் விட்டான். பார்த்த மக்களுக்கு எடுக்கத் தெரிந்தது. போதும் என்று நிறுத்தத் தெரியவில்லை.

ஒரே ஒரு பாறைத் துண்டு, சில பிராணிகள், நிறையப் பொறுமை. காஸ் தம் தொட்டிக்கு வகுத்த விதி இவ்வளவுதான். அந்த விதியைக் கரையிலும் மக்கள் கடைப்பிடித்திருந்தால், டெவன் மாவட்டத்துப் பாறைக் குட்டைகள் அவர் கண் முன்னே காலியாகி இருக்க மாட்டா.